வெள்ளை அரிசியும் கறுப்புக் குடையும்

ரசாக் பாயின் பேரன் போன வாரம் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஆப்பிள் பை, முகத்தில் மரியாதை. இரண்டும் ஒன்றாக வந்தால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம். கல்மண்டபத்தில் தாத்தா தொடங்கிய கப்பல் சப்ளைக் கடையை இப்போது நடத்துவது அவர்தான். கடை என்றால் கோபித்துக்கொள்வார். கம்பெனி என்று சொல்ல வேண்டும். கம்பெனிக்கு ஆண்டு விழா வருகிறதாம், மலர் வெளியிடப் போகிறார்களாம், பழைய ஸ்டோர் கீப்பர் என்ற முறையில் நான் என் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். "படிக்கிற பசங்களுக்கு ஒரு ஊக்கமா இருக்கணும் அங்கிள்" என்றார். ஊக்கம் வேண்டுமென்று மாடிப்படி ஏறவே இரண்டு தடவை உட்காரும் ஆளைத் தேடி வந்திருக்கிறார்.

வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் உண்மையான விஷயம் வெளியே வந்தது.

"புது மெஷின் ஒண்ணு வாங்கியிருக்கோம் அங்கிள். ஒரு பிடி அரிசியப் போட்டா எவ்ளோ வெள்ளைன்னு நம்பர்ல காட்டிடும். விழாவுல அத வைக்கிறோம். பக்கத்துல ஒரு கண்ணாடிப் பெட்டி செஞ்சு, அதுல தாத்தாவோட கறுப்புக் குடைய வைக்கலாம்னு பாக்குறோம். வீடு பூரா தேடியாச்சு, கிடைக்கல. உங்களுக்குத் தெரியுமா, அது எங்க இருக்குன்னு?"

தெரியும். தெரிந்த ஒரே ஆள் இப்போது நான்தான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

எங்கள் தொழிலைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. துறைமுகத்துக்கு வரும் கப்பலில் இருப்பவர்களும் மனிதர்கள்தான், அவர்களுக்கும் பசிக்கும். அரிசி, காய்கறி, முட்டை, சோப்பு, கயிறு, சீட்டுக்கட்டு என்று அவர்கள் கேட்பதையெல்லாம் லாஞ்ச் என்கிற மோட்டார் படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுப்பது எங்கள் வேலை. முதல் சில வருஷம் நான் மூட்டை தூக்கினேன். அப்புறம் மூட்டை தூக்குகிறவர்களைத் திட்டினேன். இதற்குப் பெயர் பதவி உயர்வு.

பள்ளிக்கூடம் சொல்லித் தராத சரித்திரத்தை எனக்குக் கப்பல் சமையலறைகள் சொல்லித் தந்தன. உலகத்தில் எந்த நாட்டுக்காரனும் பக்கத்து வீட்டுச் சாமானைத்தான் தன் பாட்டன் சொத்து என்று சொல்கிறான். நாம் மட்டும் என்ன குறைச்சல்? மிளகாய் இல்லாத குழம்பு ஒரு குழம்பா என்று மீசையை முறுக்குகிறோம். போர்ச்சுகீசியக்காரன் கப்பலில் கொண்டுவந்து இறக்கும்வரை மிளகாய் எப்படியிருக்கும் என்றே இங்கே யாருக்கும் தெரியாது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அதே மாதிரி கடல் தாண்டி வந்த சரக்குதான். தெருமுனையில் கிடந்து நசுங்குகிறதே அலுமினியக் குண்டான், அது ஒரு காலத்தில் தங்கத்துக்கு மேலே மதிப்பாக இருந்ததாம். பிரெஞ்சு ராஜா ஒருவர் வீட்டு விருந்தில் முக்கியமான ஆட்களுக்கு அலுமினியத் தட்டு, மற்றவர்களுக்கு வெறும் தங்கத் தட்டு. எலுமிச்சம்பழம் கதை இன்னும் அழகு. கடலில் ஈறு வீங்கிப் பல் விழுந்து மாலுமிகள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். எலுமிச்சம்பழம் கொடுத்தால் பிழைக்கிறான் என்று ஒரு கப்பல் டாக்டர் நிரூபித்த பிறகும், அதை வாங்கிக் கொடுக்க மேலிடத்துக்கு ஒரு தலைமுறைக்கு மேல் ஆனது. கோப்பு நகர்ந்துகொண்டிருந்திருக்கும்.

இப்போது ரசாக் பாய். பேரன் மலரில் தாத்தாவை "தொலைநோக்குச் சிந்தனையாளர்" என்று எழுதப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். பாய்க்குத் தொலைநோக்கு கிடையாது. கிட்டநோக்கு உண்டு, அது பிரமாதமாக வேலை செய்யும்.

செங்குன்றம் ஆலையிலிருந்து பச்சரிசி லாரி வந்தால் கடை முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். பாய் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். அவர் யாருக்காகவும் எழுந்து நான் பார்த்ததில்லை. கையை மட்டும் நீட்டுவார். நான் அந்தக் கறுப்புக் குடையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மரக் கைப்பிடி வைத்த பெரிய குடை அது. அதை விரித்து, தலைகீழாக மடியில் வைத்து, உள்பக்கக் கறுப்புத் துணியில் ஒரு படி அரிசியைக் கொட்டச் சொல்வார். வாசல் வெளிச்சத்தில் குடையை மெல்ல ஆட்டுவார். கறுப்பின் மேல் வெள்ளை ஓடும். நொய் ஒரு பக்கம் ஒதுங்கும், பழுப்பு அரிசி தனியாகக் காட்டிக் கொடுக்கும். ஒரு மணியை எடுத்து முன்பல்லால் கடித்து, சத்தத்தைக் கேட்பார். கடைசிப் பரீட்சைதான் கண்டம். ஒரு பிடி எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தேய்த்துவிட்டு, கையை விரித்துப் பார்ப்பார். உள்ளங்கையில் தவிட்டுத் தூசி பொட்டளவு ஒட்டியிருந்தால் தீர்ந்தது.

"இன்னொரு தீட்டு போடச் சொல்லு" என்பார். லாரி வந்த வழியே திரும்பிப் போகும்.

இப்படி இரண்டு தடவை மூன்று தடவை பாலிஷ் போட்டு, கடைசியில் வந்து சேரும் அரிசி, மல்லிகை மொட்டைக் காய வைத்தது மாதிரி இருக்கும். துறைமுகத்தில் அதற்குப் பெயரே பாய் அரிசி. கழித்த தவிடு என்ன ஆகும் என்று கேட்கலாம். அதையும் ஆலைக்காரர்கள் லாரியில் போட்டு அனுப்புவார்கள், எங்கள் கோடவுனின் பின்பக்கம் சாக்குச் சாக்காகக் கிடக்கும். ராயபுரத்தில் மாடு வைத்திருப்பவர்கள் வந்து வாங்கிப் போவார்கள். அந்த மாடுகளெல்லாம் வாட்டசாட்டமாக ரோட்டை மறித்து நிற்கும். யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை, நானும்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சரக்குக் கப்பல் வெளிக்கடலில் வந்து நங்கூரம் போட்டது. போட்டது போட்டபடியே நின்றது. கப்பல் முதலாளி வேறேதோ தேசத்தில் கடனில் மூழ்கித் தலைமறைவாகிவிட்டார். கப்பல் மூழ்காமல் முதலாளி மூழ்குவது இந்தத் தொழிலில் சகஜம். உள்ளே இருந்த மாலுமிகள் எல்லோரும் பர்மாக்காரர்கள். இறங்கி வரக் காகிதம் இல்லை, திரும்பிப் போக வழி இல்லை. ஏஜெண்ட் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவன் பர்மா சேகர். எங்கள் லாஞ்ச் ஓட்டுகிறவன், ரங்கூனில் பிறந்து, சின்ன வயதில் பெற்றோரோடு அகதியாக வந்து, எர்ணாவூரில் வளர்ந்தவன். பர்மிய மொழியும் மெட்ராஸ் பாஷையும் இரண்டும் தாய்மொழி.

"மொதலாளி, அந்தக் கப்பலாண்ட போனேன். துன்றதுக்கு ஒண்ணுமில்லாம பேஜார்ல கீறானுங்கோ. சட்டிய கவுத்துக் காட்றானுங்க" என்றான்.

பாய் ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. "நம்ம கண்ணு முன்னாடி கடல்ல நிக்கிறவன் பட்டினி கெடக்கக் கூடாது. அரிசி அனுப்பு கோபாலு" என்றார்.

"கோடவுன்ல புழுங்கல் அரிசி தேங்கிக் கெடக்குது பாய். அத அனுப்பட்டா?" என்று கேட்டேன். எனக்கு ஞானம் ஒன்றும் இல்லை. இடத்தைக் காலி பண்ண வேண்டியிருந்தது.

பாய் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "இன்னா பேசற நீ? அவன் நம்ம விருந்தாளி. விருந்தாளிக்குப் புழுங்கல் போடுவாங்களா? உங்க வூட்டு மாப்பிள்ளை வந்தா போடுவியா? இருக்கிறதுலயே வெள்ளையா பாத்து அனுப்பு."

அனுப்பினோம். தெண்டத்துக்கு அனுப்புகிற அரிசியையும் அவர் குடையில் கொட்டிப் பார்த்துத்தான் அனுப்பினார். கூடவே உப்பு, வெங்காயம், முட்டை போடட்டும் என்று ஒரு கூடைக் கோழி. சோறு இருந்தால் மனிதன் பிழைத்துக்கொள்வான் என்பது அவர் எண்ணம். நம் ஊரில் எல்லோருடைய எண்ணமும் அதுதானே. கப்பலின் சமையல்காரன் லின், முப்பது வயசுக்காரன், மூட்டையைப் பிரித்துப் பார்த்து அரிசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதாகச் சேகர் வந்து சொன்னான். பாய் முகத்தில் அன்றைக்கு ஒரு சந்தோஷம் தெரிந்தது.

மூன்று மாதம் போல் ஓடியது. பிறகு சேகர் கொண்டுவந்த செய்திகளின் ருசி மாறியது. ஒருவனுக்குக் கால் மரத்துப் போச்சு. இன்னொருவன் ஏணி ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் லின்னுக்குக் கால் வீங்கியது, வீக்கம் தொடைக்கு ஏறியது, மூச்சு வாங்க ஆரம்பித்தது. கோழிகள் ஒவ்வொன்றாகச் செத்தன.

"கேப்டன் சோத்துல இன்னாத்தையோ கலக்கிட்டான்னு பேசிக்கிறானுங்க நைனா" என்றான் சேகர் என்னிடம். "அவன் மட்டும் கல்லு மாரி கீறான். ரூம்ப சாத்திகினு டின்னு பீன்ஸும் பிஸ்கோத்தும் துன்றான், சோத்தத் தொடறதில்ல. ஆளுங்க அவன கடல்ல தூக்கிப் போட்ருவானுங்க போல கீது."

இந்தப் பேச்சு பாயின் காதிலும் விழுந்தது. சோற்றில் விஷம் என்றால், சோறு யாருடையது? "என் அரிசிய சாப்ட்டு ஒருத்தன் செத்தான்னு பேர் வந்தா நான் கடைய மூடிட்டுப் போயிருவேன்" என்றார். ஆளைக் கரைக்குக் கொண்டுவரக் காகிதம் கிடைக்கவில்லை. அதனால் டாக்டரைக் கப்பலுக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்தார்.

டாக்டர் எஸ்தர் கல்மண்டபத்தில் கிளினிக் வைத்திருந்தார். நல்ல டாக்டர் என்று பெயர், நல்ல மனுஷி என்று யாரும் தவறிச் சொன்னதில்லை. கிளினிக் வாசலில் சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு: "இங்கே சத்து ஊசி போடப்படமாட்டாது." மீன் ஏலத்துக்கு ஓடுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் அசதிக்குச் சத்து ஊசி கேட்பார்கள். "முருங்கைக்கீரை சாப்பிடு, போ" என்று விரட்டுவார். விரட்டப்பட்டவர்கள் நேரே அடுத்த தெருக் கம்பவுண்டர் வேலுவிடம் போவார்கள். வேலு எதற்கும் சத்து ஊசிதான் போடுவார்: தலைவலிக்கு, தேர்வுக்கு, மாமியார் வருகைக்கு. வேலுவைப் பற்றி டாக்டர் மேலிடத்துக்குப் புகார் எழுதிக்கொண்டே இருந்தார். வேலுவின் தொழில் வளர்ந்துகொண்டே இருந்தது.

டாக்டரும் நானும் சேகரும் காலையில் லாஞ்சில் போனோம். மேல்தளத்தில் லின்னைச் சாய்த்து வைத்திருந்தார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். கழுத்து நரம்பு துடிப்பது தள்ளி நின்ற எனக்கே தெரிந்தது. டாக்டர் அவன் காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது, அப்படியே நின்றது. முழங்காலுக்குக் கீழே தட்டினார், கால் துள்ளவில்லை. அவன் தலைக்கு மேலே ஒரு கொக்கியில் கப்பல் மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்த குளுக்கோஸ் பாட்டிலை ஏற்கெனவே மாட்டி வைத்திருந்தார்கள். ஊசி குத்தத்தான் ஆள் இல்லை.

டாக்டர் முதல் காரியமாக அந்தப் பாட்டிலைக் கழற்றினார். ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டார். மாலுமிகள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"இன்னா டாக்டரம்மா இது?" என்று சேகர் எகிறினான். "ஆளு மூச்சு வாங்கிகினு கீறான். ஒரு பாட்லு குளுக்கோஸ் ஏத்தாம மடியில வச்சிகினு குந்திகினு கீறீங்க?"

வடசென்னையில் குளுக்கோஸ் ஏற்றாத வைத்தியம் வைத்தியமே இல்லை. சொந்தக்காரன் ஆஸ்பத்திரியில் என்றால் நாம் முதலில் கேட்பதே "பாட்டில் ஏத்துறாங்களா?" என்பதுதான். நானும் மனசுக்குள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏத்தினா இவன் இப்பவே போயிடுவான்" என்றார் டாக்டர். "சமைக்க அடுப்பே இல்லாத வீட்டுல விறகா கொண்டாந்து அடுக்கினா என்ன ஆகும்? மூச்சுத் திணறும். அவ்வளவுதான். இவன் சாப்பிட்டதெல்லாம் உள்ள எரியாம கெடக்கு. எரிக்கிற சாமான் ஒண்ணு இவன் உடம்புல சுத்தமா இல்ல. சேகர், இவன் எப்படிச் சமைக்கிறான்னு கேளு."

லின் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னான். அந்த நிலையிலும் தொழில் பெருமை விடவில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளியும்வரை அரிசியைத் தேய்த்துக் கழுவுவானாம். பெரிய அலுமினியக் குண்டானில் நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, கஞ்சியைக் கடலில் வடித்துவிடுவானாம். பிறகு உதிரியாக இருக்க இன்னொரு முறை பச்சைத் தண்ணீர். ஆலையில் பாய் எடுத்தது போக ஏதாவது சத்து மிச்சம் இருந்திருந்தால், அதை லின் மீனுக்கு ஊட்டிவிட்டான்.

அப்போது டாக்டர் கண்ணில் அந்தக் கோழி பட்டது. கடைசியாக மிஞ்சியிருந்த ஒன்று. கூடையருகில் கால் மடங்கி உட்கார்ந்து, கழுத்து பின்னால் முறுக்கி, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் தினம் பாய் அரிசிச் சோறுதான். டாக்டர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பெரிபெரி" என்றார். "புஸ்தகத்துல படிச்சதோட சரி. கோழி உட்பட அப்படியே இருக்கு."

மருந்து ரொம்பச் சாதாரணம், பி ஒன் வைட்டமின் ஊசி என்று சொல்லிப் பையைத் திறந்தார். ஒரு பக்கம் தேடினார், மறு பக்கம் தேடினார். பிறகு கை நின்றுவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. ஊரில் சத்து ஊசி என்று ஒவ்வொரு பெட்டிக்கடை வைத்தியனும் போடுகிற அதே மருந்து, கொள்கை காரணமாக, அவர் பையில் மட்டும் இல்லை.

பையை மூடினார். "கோபால், நீங்க போயி... அந்த வேலுகிட்ட இருக்கும்" என்றார். அந்தப் பெயரைச் சொல்ல அவர் பட்ட பாடு லின் மூச்சுக்குப் பட்ட பாட்டுக்குக் குறைந்ததில்லை.

சேகர் அன்றைக்கு ஓட்டியதுபோல் லாஞ்ச் ஓட்டி நான் கண்டதில்லை. அலை மேலே வந்து அடிக்க, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயமாக இருந்தது. அரிசியைத் தூக்கிக் கொடுத்த கை என்னுடையது, கண்ணில் ஒற்றிக்கொண்டவன் அங்கே கிடக்கிறான் என்பதுதான் மண்டைக்குள் ஓடியது.

வேலு கடையில் வழக்கம்போல் கூட்டம். விஷயத்தைச் சொன்னேன்.

"யாரு கேட்டாங்க?" என்றார் வேலு.

"டாக்டர் எஸ்தர்."

"அந்தம்மாவா? எங்கிட்டயா? சத்து ஊசியா?" வேலு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "எங்க, இன்னொரு தபா இவங்களுக்கும் கேக்குற மாரி சொல்லு நைனா."

சொன்னேன். ஒரு உயிருக்காக இன்னும் பத்துத் தடவைகூடச் சொல்லியிருப்பேன். வேலு ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார், மறுபேச்சு இல்லாமல் இன்னொன்றையும் மேலே வைத்தார். காலாவதித் தேதியைப் பார்த்தேன். இன்னும் காலாவதி ஆகவில்லை என்பதே எனக்கு அன்றைய முதல் அற்புதம்.

நாங்கள் திரும்பியபோது டாக்டர் அதே பெட்டி மேல், அதே பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மாலுமிகள் சுற்றி நின்றிருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால், கேப்டனுக்கு அடுத்தபடியாகக் கடலில் போடவேண்டிய ஆளை முடிவு செய்துவிட்டது தெரிந்தது. டாக்டர் எதையும் கண்டுகொள்ளாமல் ஊசியைப் போட்டுவிட்டு, நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் தாண்டியது. லின் மூச்சின் இரைச்சல் கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்று நினைத்தேன். வெயில் சாயும்போது அவன் கழுத்துத் துடிப்பு அடங்கி, முதுகைச் சாய்த்துப் படுத்தான். படுத்தவன் கண்ணைத் திறந்து சேகரிடம் ஏதோ கேட்டான்.

"இன்னா சொல்றான்?" என்றேன்.

சேகர் தலையில் அடித்துக்கொண்டான். "சோறு கேக்கிறான் நைனா. வெள்ள சோறு."

பாயிடம் சொல்லும் வேலையை டாக்டரே எடுத்துக்கொண்டார். கடைக்கு வந்து நின்றபடியே சொன்னார்: "உங்க அரிசிதான் பாய் காரணம்."

பாய் ஒவ்வொன்றாகக் கேட்டார். "கல்லு இருந்துச்சா? பூச்சி இருந்துச்சா? மருந்து அடிச்ச வாசன வந்துச்சா? ஒண்ணாச்சும் காட்டுங்க டாக்டர்."

"ஒண்ணும் இல்ல. அதான் பாய் வியாதியே. அதுல ஒண்ணுமே இல்ல."

பிறகு ஜாவாத் தீவுக் கதையைச் சொன்னார். அங்கே ஒரு டச்சுக்கார டாக்டர் இந்த நோய்க்குக் கிருமி தேடிக் கண்ணாடிக் குழாயில் உயிரை விட்டுக்கொண்டிருந்தாராம். ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகளுக்குக் கால் இழுத்துக்கொண்டது. அப்புறம் புதிதாக வந்த சமையல்காரர், ஆஸ்பத்திரிச் சோற்றைக் கோழிக்குப் போட முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோழிகள் மட்டமான தவிட்டு அரிசிக்கு மாறின, எழுந்து ஓடின. ஒரு கஞ்சப் பயல் வைத்தியத்தையே திருப்பிப் போட்டான். நீராவி ஆலை வந்து அரிசி வெள்ளையாக வெள்ளையாகத்தான் கிழக்குத் தேசமெல்லாம் இந்த நோய் பெருத்தது. பழைய மதராஸ் ராஜதானியில் கூட, பச்சரிசி தின்ற வடக்குக் கடற்கரையில் இது ஆட்டம் போட்டது, புழுங்கல் தின்ற நம் பக்கம் எட்டிப் பார்த்ததோடு சரி. நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறதாம். கௌரவக் குறைச்சல் என்று நாம் மூக்கைப் பிடித்துக்கொண்ட அரிசிதான் இத்தனை காலம் நம்மைக் காப்பாற்றியிருக்கிறது.

"இப்ப இன்னா கொடுக்கணும்?" என்றார் பாய், மெதுவாக.

"பச்சைப்பயறு, முட்டை, புழுங்கல் அரிசி. அதுக்கு முன்னாடி, தவிடு."

"தவிடா? மாட்டுக்குப் போடறதையா? விருந்தாளிக்கா?"

"ஆமா பாய். மாடெல்லாம் எப்படி இருக்குன்னு ரோட்டுல பாருங்க."

அடுத்த நாள் பாய் செய்ததை நான் மறக்க மாட்டேன். பின்பக்கத்திலிருந்து நல்ல தவிடாகப் பார்த்து எடுக்கச் சொன்னார். வீட்டு அடுப்பில் வறுத்து, மஸ்லின் துணியில் தானே சலித்தார். வெல்லம், நெய், ஏலக்காய் போட்டு உருண்டை பிடிக்க வைத்தார். மாட்டுத் தீவனத்துக்கு ஏலக்காய் போட்ட ஒரே வியாபாரி இந்தக் கடற்கரையில் அவராகத்தான் இருக்கும். பிஸ்கட் டின்னில் அடுக்கி, டின்னுக்கு ஜிகினாக் காகிதம் சுற்றி அனுப்பினார். கேலி செய்கிறேன்தான், ஆனால் அவர் சலித்துக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து ஒருவரையும் பார்க்கவில்லை, எனக்கு அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

மாலுமிகள் உருண்டையைத் தொடவில்லை. டாக்டர் வெறும் தவிட்டைப் பிசைந்து கோழிக்குத்தான் முதலில் ஊட்டச் சொன்னார். இரண்டொரு நாளில் கோழி கழுத்தை நிமிர்த்தி, எழுந்து, தளத்தில் நடந்தது. கோழி யாரோடும் சேர்ந்து சதி செய்யாது என்பதால் மாலுமிகளுக்கு நம்பிக்கை வந்தது. அன்றைக்கே டின் காலி. டாக்டர் கிளினிக் போர்டிலும் ஒரு மாற்றம் ஏற்பட்டது. கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "கப்பல்காரர்கள் தவிர."

மழைக்காலத்தில் ஒரு வழியாக அவர்களுக்கு ஊர் திரும்பக் காகிதம் கிடைத்தது. புறப்படுகிற நாளில் லின் சேகரோடு கடைக்கு வந்தான். தன் காலால் நடந்து வந்தான். பாய் எதிரில் குனிந்து நின்று நிறையப் பேசினான். சேகர் பாதியை மொழிபெயர்த்தான், பாதியைத் தனக்கே வைத்துக்கொண்டான். கடைசியில் லின் கோடவுன் பக்கம் கையைக் காட்டி ஏதோ கேட்டான்.

"இன்னா வேணுமாம்?" என்றார் பாய்.

சேகர் தயங்கினான். "அந்த வெள்ள அரிசி ஒரு மூட்ட வோணுமாம் மொதலாளி. அவங்கம்மாவுக்காம். இப்டி ஒரு அரிசிய அது வாழ்க்கையில பாத்ததே இல்லியாம்."

பாயின் முதுகுக்குப் பின்னால் கூரை வரைக்கும் பாய் அரிசி மூட்டை அடுக்கியிருந்தது. கேட்டவனுக்கு இல்லை என்று அந்தக் கடையில் சொன்னதே கிடையாது.

"ஸ்டாக் இல்லன்னு சொல்லு" என்றார்.

சேகர் சொன்னான். லின் மூட்டைகளைப் பார்த்தான், பாயைப் பார்த்தான், சிரித்தபடி தலையாட்டினான். நான் ஒரு பை புழுங்கல் அரிசியைக் கட்டி அவன் தோளில் வைத்தேன். அவனும் சேகரும் மழையில் இறங்கினார்கள்.

பாய்க்குக் கண் கலங்கியிருந்தது. "விருந்தாளிகிட்டப் பொய் சொல்லிட்டேன் கோபாலு" என்றார். அடுத்த நொடி நாற்காலியிலிருந்து எழுந்தார். யாருக்காகவும் எழாத மனுஷன், ஆணியில் தொங்கிய குடையை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினார். தெருமுனையில் லின்னை நிறுத்தி, குடையை விரித்து, அவன் கையில் திணித்தார். "இதையாவது அவங்க அம்மாவுக்குக் கொடுக்கச் சொல்லு" என்று அவர் சேகரிடம் கத்தியது மழைச் சத்தத்தையும் மீறிக் கடை வரைக்கும் கேட்டது.

மறுநாள் செங்குன்றம் லாரி வந்தது. பழக்க தோஷத்தில் பாய் கையை நீட்டினார். நான் வெறுங்கையோடு நின்றேன். நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டார். "இருக்கிறபடி இறக்கு" என்றார். அதற்குப் பிறகு அவர் வேறு குடை வாங்கவில்லை.

ஆகவே தம்பி, நீங்கள் வீட்டில் தேட வேண்டாம். குடை பர்மாவில் ஏதோ ஒரு கிராமத்தில், ஒரு அம்மாவின் தலைக்கு மேலே விரிந்திருக்கும். கண்ணாடிப் பெட்டியை ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால் வீணாக்க வேண்டாம். மெஷின் பக்கத்திலேயே வையுங்கள், உள்ளே ஒரு படி தவிடு போட்டு.